இடமில்லாத கடை

மீன்கடை ஐஸ் பெட்டிக்குள், இரண்டு சீலா மீன்களுக்கு நடுவே, ஒரு கை இருந்தது.

அது சுடலைவடிவின் கை. கையின் சொந்தக்காரி பெட்டிக்கு வெளியே பல்லைக் கடித்துக்கொண்டு, கண்களை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, கைய எடு! ஐஸெல்லாம் கரையுது!" என்று கத்தினார் மீன்கடை கிங்ஸ்டன்.

"இன்னும் கொஞ்ச நேரம் அண்ணாச்சி. பழகிக்கிடுதேன்."

"என்னத்தப் பழகுத?"

"குளிரத்தான். நான் கிர்கிஸ்தானுக்குப் போவுதேன்லா!"

வடிவுக்குப் பதினொரு வயது. களக்காட்டில் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் அக்கா பிரியதர்ஷினி கிர்கிஸ்தான் நாட்டில் டாக்டருக்குப் படிக்கிறாள். மூன்று வருடமாக ஊருக்கு வரவே இல்லை. அதனால் இந்த அரையாண்டு விடுமுறையில் அப்பாவும் வடிவும் அவளைப் பார்க்கப் போகிறார்கள். அம்மா வரவில்லை. "ரெண்டு ஆடும் சினையா நிக்கி. குட்டி போடுற நேரத்துல விட்டுட்டு எங்கன வர?" என்று சொல்லிவிட்டாள்.

செய்தி தெரிந்ததிலிருந்து தெருவே வடிவைப் பயமுறுத்தியது.

"இந்த ஒல்லிக்குச்சி உடம்பு அந்தக் குளிரத் தாங்காது," என்றார் பக்கத்து வீட்டு கோமதிசங்கர் மாமா. "அங்க மூக்கே உறைஞ்சு கீழ விழுந்துருமாம்."

"விழுந்தா எடுத்துச் செருகிக்கிடுவேன்," என்றாள் வடிவு.

முடியாது, தாங்காது, கூடாது என்று யாராவது சொன்னால் போதும், வடிவுக்கு உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்துவிடும். அவ்வளவுதான், அன்றிலிருந்து தினமும் ஐஸ் பெட்டிப் பயிற்சி. கை முழுக்க மீன் வாடை.

அந்தப் பயிற்சி ஒன்றுக்கும் உதவவில்லை. கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரத்து விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முகத்தில் அறைந்த குளிருக்கு முன்னால், கிங்ஸ்டன் அண்ணாச்சியின் ஐஸ் பெட்டியெல்லாம் அடுப்படி மாதிரி. வடிவின் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். இருந்தது.

"ஏட்டி வடிவு! பைய வா, வழுக்கும்!"

அப்பா சட்டென்று திரும்பிப் பார்த்தார். இந்த ஊரில் பிரியதர்ஷினியைத் தவிர வேறு யார் நம் பேச்சைப் பேசுவது?

ரோஜா நிறக் கன்னமும் இரட்டைச் சடையுமாக ஒரு பிள்ளை ஓடிவந்து வடிவைக் கட்டிக்கொண்டது. அவள்தான் அய்பெரி. அவள் வீட்டு மாடியில்தான் அக்கா வாடகைக்கு இருக்கிறாள். அக்கா தினமும் அவர்கள் சமையலறையில் நின்று அம்மாவோடு போனில் சத்தமாகப் பேசுவாள். அதைக் கேட்டுக் கேட்டே அய்பெரி தமிழ் கற்றுக்கொண்டாள். திட்டுகளைத்தான் முதலில் கற்றுக்கொண்டாள். வடிவும் அவளும் வீடியோவில் பேசிப் பழகி இரண்டு வருடமாகிறது. நேரில் பார்ப்பது இதுதான் முதல் முறை.

"சாப்ட்டியா? ஏன் இப்டி மெலிஞ்சு கெடக்க?" என்று அம்மா கேட்கிற மாதிரியே கேட்டாள் அய்பெரி. அவளுக்குப் பின்னாலேயே ஓடிவந்த அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அய்பெரியின் அம்மா குல்மிரா டாக்சி ஓட்டுபவர். வடிவு அவரை "அத்தை" என்று கூப்பிட ஆரம்பித்தாள். அய்பெரியோ தன் அம்மாவை "அபா" என்று கூப்பிட்டாள். கிர்கிஸ் மொழியில் அபா என்றால் அம்மாவாம். அவள் "அபா!" என்று கூப்பிடும்போதெல்லாம் வடிவின் அப்பா, "என்னம்மா?" என்று திரும்பினார். ஒரு நாளிலேயே அவருக்குக் கழுத்து வலித்தது.

இன்னொரு வார்த்தையும் வடிவைச் சிரிக்க வைத்தது.

"இன்னும் கொஞ்சம் ரொட்டி வேணுமா?" என்று அய்பெரியிடம் கேட்டால், "ஜோக்" என்பாள்.

"என்னட்டி ஜோக்கு?"

"சிரிக்காத! ஜோக்னா இல்ல, வேண்டாம்னு அர்த்தம்!"

இரண்டாம் நாள் காலையில், அந்த ஊர் வழக்கப்படி கிண்ணத்தில் டீ குடித்துவிட்டு, ஐந்து பேரும் குல்மிரா அத்தையின் காரில் கிளம்பினார்கள். இசிக்குல் என்ற பெரிய ஏரிக்கரையில் அத்தையின் அண்ணன் வீடு இருந்தது. அங்கே போவதாகத் திட்டம்.

"சுத்தி மலையெல்லாம் பனி மூடிக் கெடக்கும். ஆனா அந்த ஏரி மட்டும் உறையவே உறையாது," என்றாள் அக்கா.

"எவ்வளவு குளிரு அடிச்சாலுமா?"

"எவ்வளவு அடிச்சாலும்."

வடிவுக்கு அந்த ஏரியைப் பார்ப்பதற்கு முன்பே பிடித்துப்போனது.

ஊரைத் தாண்டியதும் உலகமே வெள்ளையானது. மரம் வெள்ளை, வயல் வெள்ளை, வைக்கோல் போர் வெள்ளை. வெள்ளைக்கு நடுவே குதிரைகள் மட்டும் பழுப்பாக நின்றன. பின் இருக்கையில் வடிவும் அய்பெரியும் முறுக்கைக் கடித்துக்கொண்டே ஜன்னலில் முகம் பதித்திருந்தார்கள்.

முன் இருக்கையில் அப்பா. அவர் பெயர் இசக்கிதுரை. களக்காட்டிலிருந்து திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டுக்கு வாழைத்தார் லாரி ஓட்டுபவர். இன்னொருவர் ஓட்டும் வண்டியில் அவரால் சும்மா உட்கார முடியவில்லை. வளைவு வரும்போதெல்லாம் இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்தினார். குல்மிரா அத்தை அதைப் பார்த்துவிட்டுக் கிர்கிஸ் மொழியில் ஏதோ சொன்னார்.

"அப்பா, நீங்க அழுத்துற அழுத்துல கார் தரை ஓட்டையாயிருமாம்," என்று அக்கா மொழிபெயர்த்தாள்.

இரண்டு பக்கமும் பாறை மலைகள் நெருங்கி வந்தன. நடுவே ஒரு ஆறு, கரையோரம் உறைந்தும் நடுவில் ஓடியும் கூடவே வந்தது. ஓரிடத்தில் காரை நிறுத்திப் பனியில் விளையாடினார்கள். அய்பெரி எறிந்த பனியுருண்டை அப்பாவின் மீசையில் போய் ஒட்டிக்கொண்டது. அப்பா திருப்பி எறிந்தார். அது குறி தவறி அத்தையின் முதுகில் விழுந்தது. வடிவு அப்பாவை இப்படி விளையாடிப் பார்த்ததே இல்லை.

காருக்குத் திரும்பும்போது எல்லாருக்கும் நல்ல பசி.

கொஞ்ச தூரத்தில் சாலையோரமாக ஒரு சாப்பாட்டுக் கடை. கூரைக் குழாயில் புகை. வாசலில் இரண்டு லாரிகள். கதவு திறந்து மூடியபோது சூடான சூப்பின் மணம் காருக்குள்ளேயே வந்தது.

குல்மிரா அத்தையும் அய்பெரியும் முதலில் போனார்கள். கதவைத் திறந்த கடைக்காரர், தோளில் துண்டு போட்ட குட்டையான மனிதர், அவர்களைப் பார்த்து நன்றாகச் சிரித்தார். பின்னால் வந்த அப்பாவையும் அக்காவையும் வடிவையும் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

"ஜோக்," என்றார்.

இந்தத் தடவை வடிவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் கையை ஆட்டி ஏதோ சொன்னார். குல்மிரா அத்தையின் முகம் சிவந்தது. அத்தை பதிலுக்குப் படபடவென்று பேசினார். கடைக்காரர் கதவைப் பாதி சாத்திக்கொண்டார்.

"என்னக்கா சொல்லுதாரு?"

"ஒண்ணுமில்ல. இடமில்லையாம்," என்றாள் அக்கா. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வடிவு கடைக்காரரின் முழங்கைக்குக் கீழே குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். இரண்டு மேசையில்தான் ஆட்கள் இருந்தார்கள். மற்றதெல்லாம் காலி. ஒரு நாற்காலியில் சாம்பல் நிறப் பூனை ஒன்று சுருண்டு படுத்துத் தூங்கியது.

"பூனைக்கே இடமிருக்கு!" என்றாள்.

"இடம் நெறைய இருக்கு," என்றாள் அய்பெரி. "பொய் சொல்லுதாரு. நாங்க ரெண்டு பேரும் உள்ள வரலாமாம். நீங்க வேண்டாமாம். வெளிநாட்டு ஆளுங்க வந்தா மத்தவங்களுக்குப் பிடிக்காதாம்."

அப்பா வடிவின் தோளில் கை வைத்துக் காரை நோக்கித் திருப்பினார்.

"வா, வேற கடைக்குப் போயிருவோம்."

காருக்குள் குல்மிரா அத்தை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வண்டியைக் கிளப்பவில்லை.

வேற கடைக்குப் போயிருவோம். அந்த வார்த்தைகளை வடிவு முன்பே கேட்டிருக்கிறாள். லீவு நாளில் அப்பாவோடு லாரியில் போகும்போது, வழியில் ஒரு டீக்கடை வரும். புளியமரத்தடியில், நல்ல நிழலாக இருக்கும். எல்லா லாரியும் அங்கே நிற்கும். அப்பா மட்டும் நிறுத்த மாட்டார். ஏன் என்று கேட்டால், "அங்க டீ நல்லாருக்காது. வேற கடைக்குப் போயிருவோம்," என்பார்.

லாரியில் தார் ஏற்றும் சுடலைராஜ் அண்ணன்தான் ஒருநாள் உண்மையைச் சொன்னார். அப்பா இளவட்டமாக இருந்தபோது, அந்தக் கடையில் நம் தெரு ஆட்களுக்கு மட்டும் தனி தம்ளர். பெஞ்சில் உட்காரக் கூடாது, வெளியே நின்றுதான் குடிக்க வேண்டும். அப்பா ஒருநாள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு நடந்தவர். அதற்கப்புறம் அந்தப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பியதில்லை.

"நாம தாண்டாத கடையாட்டி?" என்றார் அப்பா இப்போது, கண்ணாடி வழியாக வெளியே பார்த்தபடி. "இதையும் தாண்டிப் போயிருவோம்."

"இன்னும் எத்தன கடையப்பா தாண்டணும்?"

அப்பா ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தார்.

வடிவுக்கு உள்ளங்கால் அரித்தது.

கார்க் கதவைத் திறந்து இறங்கினாள்.

"ஏட்டி, எங்க போற? குளிருல செத்துருவ!" என்று அக்கா கத்தினாள்.

"அவரு இடமில்லன்னுதான சொன்னாரு? சரி. இடம் வர்ற வரைக்கும் நிக்கேன்."

மறுபக்கக் கதவும் திறந்தது. அய்பெரியும் இறங்கிவிட்டாள்.

இருவரும் கடை வாசலுக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். அய்பெரி கதவுக்கு நேராகப் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றாள்.

"அங்கன வேண்டாம், இங்கன வா," என்று வடிவு அவளை ஓரமாக இழுத்தாள். "வழிய மறிச்சா நம்ம மேல தப்பாயிரும். சண்டையும் போடாத. யாராவது கேட்டா உள்ளத மட்டும் சொல்லு."

முதலில் ஒரு கணவனும் மனைவியும் சின்னப் பையனோடு வந்தார்கள். "ஏன் பிள்ளைகளா குளிரில் நிற்கிறீர்கள்?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"கடையில் இடமில்லையாம். இடம் வருவதற்காக நிற்கிறோம்," என்று அய்பெரி கிர்கிஸ் மொழியில் மரியாதையாகச் சொன்னாள்.

அந்தப் பெண் கதவைத் திறந்தார். காலி மேசைகளைப் பார்த்தார். வடிவைப் பார்த்தார். ஏதோ புரிந்த மாதிரி முகம் மாறியது. ஆனால் கணவர் அவரை உள்ளே கூட்டிப் போய்விட்டார். கதவு மூடிக்கொண்டது.

"போயிட்டாங்க," என்றாள் அய்பெரி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"போனாப் போவட்டும். நாம நிப்போம்."

நிற்பது லேசாக இல்லை. கால் விரல்கள் இருக்கின்றனவா என்றே வடிவுக்குத் தெரியவில்லை. சும்மா நின்றால்தானே குளிரும் என்று நினைத்தாள். பூட்ஸ் நுனியால் பனியில் கோடு இழுத்தாள். கட்டம் கட்டமாகப் போட்டாள். ஒரு கல்லை எடுத்து எறிந்துவிட்டு நொண்டியடித்துத் தாவினாள்.

"இதுக்குப் பேரு பாண்டி. நீயும் வா!"

அய்பெரி கண்ணைத் துடைத்துக்கொண்டு தாவினாள். மூன்றாவது கட்டத்தில் வழுக்கி விழுந்தாள். எழுந்து மறுபடியும் தாவினாள். இருவருக்கும் உடம்பு சூடானது.

காரிலிருந்து குல்மிரா அத்தை இறங்கி வந்தார். அய்பெரிக்குப் பின்னால் வரிசையில் நின்றார். கொஞ்ச நேரத்தில் அக்காவும் வந்தாள்.

"நான் எத்தன தடவ வேற கடைக்குப் போயிருக்கேன்னு உனக்குத் தெரியாதுட்டி," என்றாள் மெதுவாக. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நகரு, அடுத்த ஆட்டம் எனக்கு," என்றாள்.

அப்பா மட்டும் காருக்குள்ளேயே இருந்தார்.

அப்போது ஒரு பெரிய லாரி வந்து நின்றது. உரோமத் தொப்பி போட்ட ஓட்டுநர் ஒருவர் இறங்கினார். கதவளவு உயரம், கதவளவு அகலம். பனியில் நொண்டியடிக்கும் டாக்டர் அக்காவை அதிசயமாகப் பார்த்தார்.

"இங்கே என்ன திருவிழா?" என்று கேட்டார்.

அய்பெரி அதே பதிலைச் சொன்னாள்.

அவர் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டார். நன்றாகப் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

"இவரும் போயிட்டாரு," என்றாள் அய்பெரி.

ஆனால் சிறிது நேரத்தில் கதவு மறுபடியும் திறந்தது. அவர் கையில் ஆவி பறக்கும் சூப்புக் கிண்ணத்தோடு வெளியே வந்து, வரிசையில் அக்காவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அங்கேயே உறிஞ்சிக் குடிக்க ஆரம்பித்தார்.

"இடமில்லாத கடையில் நான் மட்டும் எப்படி உட்காருவது?" என்றார், உள்ளே கேட்கும்படி உரக்க.

உள்ளேயிருந்து இன்னும் இரண்டு ஓட்டுநர்கள் ஆளுக்கொரு கிண்ணத்தோடு வந்தார்கள். அடுத்து அந்தச் சின்னப் பையனின் அம்மா வந்தார். கணவர் தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தார். பையன் ரொட்டியை வாயில் கவ்வியபடி ஓடிவந்து, யாரையும் கேட்காமல் முதல் கட்டத்தில் தாவினான்.

கடைசியாக ஒரு அம்மாள் வெளியே வந்தார். ஏப்ரன் கட்டியிருந்தார். கையில் பெரிய அகப்பை. அவர்தான் கடையின் சமையல்காரம்மா. கடைக்காரரின் மனைவியும் அவர்தானாம்.

அவரும் வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

"நீ எங்கே போகிறாய்?" என்று உள்ளிருந்து கடைக்காரர் அலறினார்.

"இடமில்லையாமே," என்றார் அவர்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அய்பெரி சிரிப்புக்கு நடுவே வடிவின் காதில் சொல்லிச் சொல்லி மொழிபெயர்த்தாள். பூனைகூட வாசல்வரை வந்து பார்த்தது. குளிர் பட்டதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நாற்காலிக்கே திரும்பிவிட்டது.

இப்போது கடைக்குள் கடைக்காரரும் பூனையும் மட்டும்தான்.

வெகுநேரம் கழித்துக் கடைக்காரர் வாசலுக்கு வந்தார். துண்டை முறுக்கினார். வடிவைப் பார்க்காமல் அவள் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"பார்."

வடிவு சுற்றுமுற்றும் பார்த்தாள். "எதப் பாக்கச் சொல்லுதாரு?"

அய்பெரி துள்ளிக் குதித்தாள். "பார்னா எங்க பேச்சுல இருக்குன்னு அர்த்தம்! இடம் இருக்காம்!"

வடிவு நகரவில்லை.

"யாருக்கு இருக்குன்னு கேளு."

அய்பெரி கேட்டாள். கடைக்காரர் மறுபடியும் துண்டை முறுக்கினார். அவர் மனைவி அகப்பையால் கதவு நிலையில் 'டொக்' என்று ஒரு தட்டுத் தட்டினார்.

"எல்லாருக்கும்," என்றார் கடைக்காரர்.

அவர் முகம் மலர்ந்துவிடவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் கதவை முழுசாகத் திறந்து பிடித்துக்கொண்டார்.

வடிவு காருக்கு ஓடினாள். கண்ணாடியைத் தட்டினாள்.

"யப்பா, எறங்குங்க."

அப்பா அவளைப் பார்த்தார். அவள் மூக்கு செக்கச்செவேலென்று இருந்தது. தொப்பியெல்லாம் பனித்துகள். உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் கண் மட்டும் நடுங்கவில்லை.

"நீ போய்ச் சாப்பிடும்மா. எனக்குப் பசியில்ல."

"நீங்க வராம நான் உள்ள போவ மாட்டேன். நானும் இங்கனயே நிப்பேன். நான் நிப்பேன்னு உங்களுக்கே தெரியும்."

அப்பாவுக்குத் தெரியும்.

அவர் இறங்கினார். மீசையைத் தடவிவிட்டுக்கொண்டார். சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். உரோமத் தொப்பிக்காரர் அவர் முதுகில் செல்லமாக ஒரு அடி வைத்தார். அப்பா ஒரு எட்டு முன்னால் போய் விழப் பார்த்தார்.

உள்ளே போனதும் கடைக்காரர் ஒரு மேசையைக் காட்டினார். மூலையில், கதவுக்குப் பின்னால், காற்று வீசும் இடத்தில் இருந்த மேசை.

அப்பா அந்த மேசையைப் பார்த்தார். வடிவு அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா அந்த மேசையைத் தாண்டி நடந்தார். கடையின் நட்டநடுவில், கணகணவென்று எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த மேசைக்குப் போனார். நாற்காலியைச் சர்ரென்று சத்தம் வர இழுத்தார். உட்கார்ந்தார். கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

"இங்கனதான் வெதுவெதுன்னு நல்லாருக்கு," என்றார்.

பிறகு, லாரிச் சத்தத்தையும் மீறிப் பேசிப் பழகிய அந்தப் பெரிய குரலை எடுத்து, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "அண்ணாச்சி! அஞ்சு டீ! எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கிண்ணத்துல!"

அய்பெரி எழுந்து நின்று, அதை ஒரு வார்த்தை விடாமல் கிர்கிஸ் மொழியில் சொன்னாள், அப்பாவைவிடச் சத்தமாக.